தொண்ணூறு மில்லிக்கு ஆறு நிமிடம்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் அத்தையும் முழங்காலைத் தவிர மற்றபடி நலம். அங்கே தாங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் மேலாளரின் நெற்றி வீக்கம் வடிந்துவிட்டதா என்பதையும் மரியாதைக்காகக் கேட்டுக்கொள்கிறேன். நிற்க.

தாங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. நேரில் பார்த்தால் மாமா மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர், கடிதத்தில் 'பொருள்: விமானம் பறக்கவிடுவதை நிறுத்துதல் தொடர்பாக' என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ரிமோட்டைத் தங்களிடம் ஒப்படைத்துவிட வேண்டுமாம், இனி அந்த மைதானம் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாதாம், தங்கள் மேலாளருக்கு வருத்தம் தெரிவித்து நான் கைப்பட நாலு வரி எழுதித் தர வேண்டுமாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில்: முடியாது. இதை ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் மறுப்பது முப்பத்தொரு வருடமாக எனக்குப் பழக்கமில்லை, அதனால் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள், அலுவலகத்தில் வைத்துப் படிக்க வேண்டாம்.

நான் பேருந்து டிப்போவில் டீசல் பிரிவில் இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும், என்ன வேலை பார்த்தேன் என்பது தெரியாது, பெண் பார்க்க வந்தபோதும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. எந்த வண்டி எவ்வளவு தூரம் போகிறது, வழியில் எத்தனை மேடு, எத்தனை நிறுத்தம், ஓட்டுநருக்குக் கால் கனமா லேசா என்று எல்லாவற்றையும் மனதில் போட்டு, இந்த வண்டிக்கு இத்தனை லிட்டர் என்று சீட்டு எழுதிக் கொடுப்பேன். வண்டி போய்விட்டு டிப்போ வாசலுக்குள் வந்து நிற்கும். முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு வண்டி வாசலுக்கு நாற்பதடி வெளியே நின்றது, அதற்கும் அந்த ஓட்டுநர் மாமியார் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அப்படிப்பட்டவனிடம் ஓய்வு பெற்ற பிறகு எட்டு மாதம் ஒருவரும் ஒரு எண் கேட்கவில்லை. சும்மா இருப்பது சுகம் என்பார்கள், சும்மா இருந்து பார்க்காதவர்கள். எனக்கு மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நேரம் பார்த்துத் தாங்கள்தான் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "பொழுது போகும் மாமா" என்றீர்கள். உள்ளே எண்ணெயில் ஓடுகிற குட்டி விமானம். நானாகக் கேட்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது தாங்கள், இப்போது குடைகிறது என்றால் நான் என்ன செய்ய.

மைதானத்தில் விமானக் கிளப் தலைவராக இருக்கிற பல் டாக்டர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். மேலே ஏற்றுவது சுலபமாக வந்துவிட்டது. இறக்குவதில்தான் தகராறு. "விசையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே வந்து, கடைசியில மூக்கைத் தூக்கணும் சார், பல்லைப் பிடுங்குற மாதிரி, அவசரமே கூடாது" என்பார். அவருக்கென்ன, தினமும் பிடுங்குகிறவர். என் கைக்கு அந்த நிதானம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மூன்று பாடத்தில் மூன்று விசிறி உடைந்தது, ஒரு சக்கரம் இன்னும் கிடைக்கவில்லை. நாலாவது பாடத்தில் நான் இறக்கப் பயந்து வட்டமடித்துக்கொண்டே இருந்தபோது எண்ணெய் தீர்ந்து எஞ்சின் தானாக நின்றுவிட்டது. அப்போது பார்க்க வேண்டும் மாப்பிள்ளை. சத்தம் அடங்கி, விமானம் மிதந்து மிதந்து வந்து புல்லில் உட்கார்ந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எஞ்சின் எந்த விநாடியில் நிற்கும் என்று தெரிந்தால் போதும், விசை கிசை ஒன்றும் வேண்டாம். எஞ்சின் நிற்பது எண்ணெயைப் பொறுத்தது. எண்ணெய் என் துறை. மற்றவர்கள் கையால் இறக்குகிறார்கள், நான் கணக்கால் இறக்குகிறேன். உலகத்தில் இப்படி இறக்குகிறவர் வேறு யாரும் இல்லை என்று டாக்டரே சொன்னார், எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

கணக்கு என்றால் குருட்டாம்போக்கில் போட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எஞ்சினைக் கழற்றி, உங்கள் அத்தை இஸ்திரி போடுகிற மேசையில் திருகாணியால் முடுக்கி, அந்த மேசையைப் பால்கனியில் நிறுத்தினேன். டேங்குக்குப் பதிலாக ஒரு பெரிய சிரிஞ்சில் எண்ணெய் நிரப்பி, அதிலிருந்து குழாயை நேராக எஞ்சினுக்குக் கொடுத்தேன். ஒரு கையில் ஸ்டாப்வாட்ச். முதல் தடவை முழு விசை கொடுத்ததும் மேசை என்னையும் இழுத்துக்கொண்டு பால்கனிக் கம்பிவரை நடந்துபோனது. இரண்டாவது தடவை மேசைக் கால்களைக் கம்பியில் கட்டினேன், எஞ்சின் கக்கிய எண்ணெய் கீழ்வீட்டுப் பாட்டு டீச்சர் காயப்போட்டிருந்த வெள்ளைத் திரையில் போய்ப் படிந்தது. அந்தம்மா மாடி ஏறி வந்தார். திட்டுவார் என்று பார்த்தால், "சார், முதல் தடவையைவிட இப்ப அரைச் சுதி ஏறிப்போச்சு, அதைக் கவனிங்க. திரையை அப்புறம் பேசிக்கலாம்" என்றார். கவனித்தேன். அவர் படியில் உட்கார்ந்து சுதி சொல்ல, நான் எண்ணெய் வரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஊசித் திருகைத் திருப்பி அதே சுதிக்குக் கொண்டுவர, பதினோரு தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று. பதினோரு தடவையும் நிமிடத்துக்குப் பதினைந்து மில்லி. ஒரு சொட்டு மாறவில்லை. ஆக, ஆறு நிமிடத்துக்குத் தொண்ணூறு மில்லி. திரையை அவர் அப்புறம் பேசினார், அது வேறு கதை.

முதல் இரண்டு ஞாயிறு எஞ்சின் கொஞ்சம் முன்னதாகவே நின்றது, நாற்பது விநாடிபோல. எஞ்சின் புதுசு, இடம் பழக வேண்டாமா என்று விட்டுவிட்டேன். மூன்றாவது ஞாயிறிலிருந்து தானாகத் திருந்திவிட்டது. அதிலிருந்து இருபத்திரண்டு ஞாயிறு, இருபத்திரண்டு தடவையும் ஆறு நிமிடத்துக்கு இரண்டு மூன்று விநாடி முன்பின்னாக நிற்கும், மைதானத்தின் தென்கோடியிலிருந்து மிதந்து வந்து என் செருப்புக்குப் பக்கத்தில் உட்காரும். மற்றவர்கள் தங்கள் விமானத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு தடவை கைதட்டினார்கள். அன்று நான் அழுதேன் மாப்பிள்ளை. கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது என்று சொன்னேன், டாக்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

உங்கள் அத்தை ஒவ்வொரு ஞாயிறும் கூடவே வருவாள். நான் எண்ணெயை அளந்து ஊற்றிவிட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க மைதானத்தின் நடுவுக்குப் போவேன், திரும்பி வருகிறவரை விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள் வேலை. போவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், "இது போதுமாங்க?" என்று கேட்பாள். "போதும்" என்பேன். அவளுக்கு எதிலும் நம்பிக்கை குறைவு. இரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கிறவள், கேட்டால் திடீரென்று யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்பாள். ஆகாயத்தில் உன் விருந்தாளி யார் வரப்போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே நான் நடந்துவிடுவேன்.

இனிப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். போட்டி என்னவென்று தங்களுக்குத் தெரியும், வேடிக்கை காட்டத் தாங்கள் கூட்டிவந்த மேலாளருக்கு விளக்கிச் சொல்லுங்கள், அவர் கடைசிவரை இது வேகப் போட்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தொண்ணூறு மில்லி, அதில் தன் எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், யார் சொன்ன நேரத்துக்கு மிக அருகில் எஞ்சின் நிற்கிறதோ அவருக்குப் பரிசு. எனக்கென்றே யோசித்த மாதிரி ஒரு போட்டி. மற்றவர்கள் ஏழு, ஏழரை, ஐந்தே கால் என்று ஏலம் கேட்டார்கள். நான் ஆறு என்று எழுதி இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன். முறைகேடு வந்துவிடக் கூடாது என்று டாக்டரே தன் கையால் எண்ணெயை அளந்து ஊற்றி, டேங்கின் வாயில் டேப் ஒட்டி, துணைக்கு வந்தவர்களை எல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்.

"அப்ப வாலை யாரு பிடிக்கிறது?" என்று உங்கள் அத்தை கேட்டாள்.

"கிளப் ஆளு பிடிச்சுக்குவாரும்மா. நீங்க நிழல்ல உக்காருங்க" என்றார் டாக்டர்.

அவள் உட்காரவில்லை. என்னிடம் வந்து, "இன்னிக்கு வேண்டாங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். காற்றைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைத்து, "ஒண்ணும் ஆகாது, கணக்கு இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்தபடியாகத் தாங்கள் கயிற்றைத் தாண்டி வந்தீர்கள். மேலாளரைக் காரின் டிக்கிக் கதவைத் தூக்கி அதன் நிழலில் உட்காரவைத்துவிட்டு, என் பக்கத்தில் குனிந்து, எஞ்சினைக் கிளப்பிக் காதைக் கொடுத்துக் கேட்டு, "கொஞ்சம் கரகரங்குது மாமா" என்று சொல்லி, ஊசித் திருகைக் கால் சுற்றுத் திறந்தீர்கள். நான் தடுக்கவில்லை. மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார், மாப்பிள்ளைக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு மாமனாருக்கு வாயை மூட இதைவிட மோசமான நேரம் வாய்க்காது.

ஏற்றினேன். அழகாகத்தான் பறந்தது. ஐந்து நிமிடம் பதினைந்து விநாடிக்கு வழக்கம்போலப் பெரிய வளைவு எடுத்து, வண்டிகள் நிறுத்தியிருந்த பக்கமாகத் தாழ்வாகத் திருப்பினேன், இன்னும் நாற்பத்தைந்து விநாடி எண்ணெய் இருக்கிறது என்ற தைரியத்தில். ஐந்து இருபதுக்கு எஞ்சின் நின்றது. சத்தம் இல்லாத விமானத்தை யார் நிமிர்ந்து பார்ப்பார்கள். தங்கள் மேலாளர் டிக்கியின் விளிம்பில் காலையும் மேலே தூக்கிவைத்து உட்கார்ந்து, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். விமானம் வந்து தூக்கியிருந்த கதவில் இறக்கையால் ஒரு தட்டுத் தட்டியது, கதவு நிதானமாக இறங்கி வந்து, அவர் நெற்றியில் பட்டு, அவரை உள்ளே சாய்த்து, தானும் மூடிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. தாங்களும் கவனிக்கவில்லை. முதலில் ஓடிப்போய்ப் பக்கத்து வண்டிக்கு அடியில் கிடந்த இறக்கையை எடுத்துத் தூக்கிப் பிடித்து, "மாமா, ரெக்கைக்கு ஒண்ணும் ஆகல" என்று கத்தினீர்களே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதற்குப் பிறகு ஒரு தட்டல் சத்தம் கேட்டது. நின்றுபோன எஞ்சின் எப்படித் தட்டுகிறது என்று நான் விமானத்தைத்தான் காதில் வைத்துப் பார்த்தேன். கதவைத் திறந்தபோது மேலாளர், வண்டி இழுக்கிற கயிறு தோளில் மாலையாகக் கிடக்க, எழுந்து உட்கார்ந்தார்.

"இது யாரோட விமானம்?" என்று கேட்டார்.

"என்னோடது" என்றேன்.

"ஏன் சத்தமே வரல?"

"எண்ணெய் தீந்துபோச்சு சார். நாப்பது செகண்ட் முன்னாடி."

கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன். அங்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்கிறாள் என் மகள். செய்த தப்புக்குக் கேட்கலாம், செய்யாததற்கு எப்படிக் கேட்பது. அதற்காகத்தான் இந்த ஆறு பக்கம். தொண்ணூறு மில்லியை ஐந்து நிமிடம் இருபது விநாடியில் குடித்திருக்கிறது என்றால், நிமிடத்துக்குக் கிட்டத்தட்டப் பதினேழு மில்லி. என் எஞ்சின் அவ்வளவு குடிக்காது. பதினோரு தடவை பால்கனியில் பார்த்தவன் சொல்கிறேன், பாட்டு டீச்சர் சாட்சி. இருபத்திரண்டு ஞாயிறு குடிக்காத எஞ்சினுக்கு அன்று மட்டும் யார் பழக்கிவிட்டார்கள்? தங்கள் விரல், மாப்பிள்ளை. அந்தக் கால் சுற்று. பொறியியல் படித்த விரல் என்பதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, டீசல் சீட்டு எழுதியவன் கணக்கு என்றால் எல்லோருக்கும் இளப்பம். டாக்டரும் அன்று எல்லோர் முன்னாலும், "சார், ஒண்ணு கணக்கு சரின்னு நிரூபிங்க, இல்லன்னா விசையால இறக்கப் பழகுங்க. அதுவரைக்கும் இங்க பறக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு விசையால் இறக்க வராது. இந்த வயசுக்கு மேல் கை பழகாது. ஆக, கணக்கு போனால் மைதானம் போயிற்று, மைதானம் போனால் நான் மறுபடியும் அந்த எட்டு மாதத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே நான் போக மாட்டேன்.

ஆகவே நடக்கப்போவதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வருத்தக் கடிதம் எழுத வேண்டியவர் தாங்கள்தான், 'என் விரலே காரணம்' என்று மேலாளருக்கு எழுதிக் கொடுங்கள், வார்த்தைக்குத் திண்டாடினால் நான் எழுதித் தருகிறேன். வருகிற ஞாயிறு காலை அதே மைதானத்தில், அதே தொண்ணூறு மில்லியை டாக்டர் கையாலேயே ஊற்றச் சொல்லி, திருகை ஒருவரும் தொடாமல் நான் பறக்கவிடுவேன். ஆறு நிமிடத்துக்கு ஐந்து விநாடி குறைந்தாலும் ரிமோட்டை நானே தங்கள் கையில் தந்துவிட்டு, தென்கோடி வழியாக நடந்தே வீட்டுக்குப் போய்விடுகிறேன். இது சபதம். மைதானத்துக் கரும்பலகையில் எழுதிப் போடச் சொல்லி டாக்டருக்கும் காலையிலேயே போனில் சொல்லிவிட்டேன்.

கோபமெல்லாம் கடிதத்தின் நடுப்பகுதியோடு சரி, ஆசீர்வாதத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. தாங்களும் என் மகளும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் வாழ வேண்டும், தங்கள் பதவி உயர்வு தடையில்லாமல் வர வேண்டும், மேலாளர் இனி உட்காருகிற இடமெல்லாம் நல்ல இடமாக அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
எதையும் ஒப்படைக்காத,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லிக் கடிதத்தை உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள். விரல் வருகிற இடத்துக்கு வந்ததும் எழுந்து போய்த் தன் பையை எடுத்துவந்து, அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மூடியை மேசையில் வைத்தாள். இருமல் மருந்து பாட்டிலின் மூடி, பத்து மில்லி அளவுக் கோடு போட்டது. முகர்ந்து பார்த்தேன், இருமல் மருந்து வாசனை இல்லை, விமான எண்ணெய் வாசனை.

"மாப்பிள்ளை விரலை விடுங்க, பாவம். நான்தான்" என்றாள்.

என்ன நீதான் என்று கேட்டேன். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வீட்டுக்கு வந்து டேங்கைக் கவுத்துத் துடைக்கிறது யாரு? நீங்களா? அடியில எப்பவும் ஒரு மூடி எண்ணெய் நிக்குதுங்க. உள்ள இருக்கிற குழாய்க்கு அது எட்டவே மாட்டேங்குது. முத ரெண்டு வாரம் பாத்தேன். மூணாவது வாரத்துல இருந்து நீங்க காத்து பாக்கப் போறப்ப ஒரு மூடி கூட ஊத்திடுவேன். அன்னிக்குத்தான் டேப் ஒட்டிட்டாங்களே."

பால்கனியில் சிரிஞ்சிலிருந்து நேராகக் கொடுத்தேன், அதற்கு அடி என்று ஒன்று இல்லை. டேங்குக்கு இருக்கிறது. பத்து மில்லி, நிமிடத்துக்குப் பதினைந்து, நாற்பது விநாடி. கணக்குச் சரியாக வருகிறது, என்னுடையது அல்ல, அவளுடையது. தங்கள் விரலுக்கு ஒரு விநாடிகூட மிச்சமில்லை. அவமானமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா கணக்குப் போடறதை விட்டுடுவீங்க. அதைப் போடறப்பதான் உங்க முகம் பாக்க நல்லா இருக்கு" என்றாள். டிப்போவில் டீசல் போடுகிறவரும் என் சீட்டுக்கு மேல் வண்டிக்கு ஒரு லிட்டர் கூடப் போட்டுக்கொண்டிருந்தாரோ என்று ஒரு யோசனை வந்தது. போன் நம்பர் இருக்கிறது, கேட்கலாம். கேட்பதாக இல்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன், "கிழிக்காதீங்க, அப்படியே போகட்டும், மாப்பிள்ளையும் தெரிஞ்சுக்கட்டும்" என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஆகவே தாங்கள் மேலாளருக்கு எழுதித் தர வேண்டாம், நான் எழுதுகிறேன், நாலு வரி அல்ல, எட்டு. சபதம் அப்படியே இருக்கிறது, தொண்ணூறு மில்லி என்று வருகிற இடத்தில் மட்டும் 'ஒரு மூடியும்' என்று சேர்த்துப் படிக்கவும், கரும்பலகையிலும் சேர்க்கச் சொல்லியாயிற்று. ஞாயிறு தவறாமல் வாருங்கள், காரைத் தள்ளி நிறுத்துங்கள். அந்த மூடியை இனி நானே வைத்துக்கொள்கிறேன், நானே ஊற்றிக்கொள்கிறேன் என்று சொல்லி இப்போதுதான் கையை நீட்டினேன். பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள். நான் ரிமோட்டைத் தருவதாக இல்லை, அவள் மூடியைத் தருவதாக இல்லை.